முதலில் எதை மாற்றுவது?

காலை நிகழ்ச்சி முடிந்து ஒலிவாங்கியை அணைத்த பிறகும் வாட்சப்பில் குரல் பதிவுகள் வந்துகொண்டே இருக்கும். பாதி, பாட்டு கேட்டு வருபவை. மீதியில் கொஞ்ச நாளாக ஒரே கேள்வி. பழைய கப்சாய் ஒன்றை வாங்கி, ஜோகூரில் என் வீட்டுப் போர்ச்சில் வைத்து மண் பாதைக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று ஒருநாள் வானொலியில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து, "அண்ணா, நானும் செய்யப் போகிறேன். முதலில் எதை மாற்றுவது? எக்சோஸா, அப்சோபரா?" என்று கேட்காத தம்பி இல்லை.

இந்த வாரம் அவர்களுக்கான பதில். வீட்டில் இப்படி ஒரு தம்பி இருந்தால், அப்பா அம்மாக்களும் சேர்ந்தே படிக்கலாம்.

மண் பாதைக்கென்றே செய்த புது மோட்டார் நம்மில் பலருக்கு எட்டாத விலை. பழைய கப்சாய் கைக்கு எட்டும். உதிரிப் பாகம் கிடைக்காத சிற்றூர் கிடையாது. அதோடு, கப்சாயை மண்ணில் இறக்குவது நமக்குப் புதிதும் அல்ல. குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், லாபிஸ் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். காலுக்கு முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் கவசத்தைக் கழற்றிவிட்டு, பின்னால் பெரிய ஸ்ப்ரோக்கெட், கட்டை கட்டையாகப் பூ வைத்த டயர், பற்றவைத்த இரும்புக் கேரியர் என்று ஒரு மோட்டார் எல்லா லைன் வீட்டு வாசலிலும் நின்றிருக்கும். செம்பனை உதிரிப் பழ மூட்டையும் அதில்தான் போகும், கேஸ் தோம்பும் அதில்தான் வரும். அதை யாரும் 'மோடிஃபை' என்று சொன்னதில்லை. தோட்டத்து மோட்டார், அவ்வளவுதான்.

கப்சாய் என்ற பெயரே ஹோண்டாவின் 'கப்' என்ற மோட்டாரிலிருந்து வந்தது. 'சாய்' என்பது சின்னது என்று பொருள் தரும் சீன ஒட்டு என்பார்கள். 1958இல் ஜப்பானில் வெளிவந்த சூப்பர் கப் வகையில் 2017க்குள் 10 கோடி வண்டிகள் உற்பத்தியாகிவிட்டன. நம் நாட்டுக்கு ஹோண்டாவைக் கொண்டுவந்தவர் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ. அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம்தான் இன்றும் இங்கே ஹோண்டா மோட்டார் விற்கிறது.

இந்தக் கப்சாயை முதலில் மண்ணுக்கு மாற்றிப் பேர் வாங்கியவர்களில் ஒருவர் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், போய்சி நகரில் கடை வைத்திருந்த ஹெர்ப் உல் என்ற விற்பனையாளர். 1960 வாக்கில், 50 சிசி ஹோண்டாவை அவர் மலைப் பாதைக்கு ஏற்றபடி மாற்றி விற்கத் தொடங்கினார். அந்தச் சின்ன ஊரில் மட்டும் ஏன் இவ்வளவு வண்டி விற்கிறது என்று பார்க்கப் போன ஹோண்டாவின் அமெரிக்கக் கிளை அசந்துபோனது. 1961இல் தொழிற்சாலையே 'டிரெயில் 50' என்ற மோட்டாரை வெளியிட்டது. அந்த வம்சம்தான் இன்றைய சிடி 125 வரை வந்திருக்கிறது.

அவர் செய்தவற்றில் முக்கியமானவை இரண்டே மாற்றங்கள். பின்னால் பெரிய ஸ்ப்ரோக்கெட், கட்டைப் பூ டயர்.  நம் தோட்டத்துத் தாத்தாக்களும் அதே இரண்டைத்தான் செய்தார்கள். ஆகவே தம்பிகளே, பட்டியலில் முதலில் இருப்பதும் இவை இரண்டும்தான்.

ஸ்ப்ரோக்கெட் கணக்கு

கணக்கு எளிது. முன்பக்கம் 14 பல், பின்பக்கம் 35 பல் என்று வைத்துக்கொள்வோம். 35ஐ 14ஆல் வகுத்தால் 2.5. பின்பக்கத்தை 42 பல்லாக மாற்றினால் 3. சக்கரத்தில் கிடைக்கும் இழுவை 20 விழுக்காடு கூடுகிறது. செம்மண் மேட்டில் முதல் கியரில் திணறிய வண்டி, மூட்டையோடு ஏறும்.

இது இலவசமாகக் கிடைப்பதில்லை. எஞ்சின் அதே வேகத்தில் சுற்றும்போது, முன்பு 90 கிலோமீட்டரில் போன வண்டி இப்போது 75இல்தான் போகும். நெடுஞ்சாலையில் 90ஐ எட்ட முயன்றால் எஞ்சின் கதறும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். திங்கள் முதல் வெள்ளி வரை அதே மோட்டாரில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர் என்றால், வாரத்தில் ஐந்து நாள் தண்டனை. அப்படிப்பட்டவர் முன்பக்கத்தில் மட்டும் ஒரு பல் குறைத்து 13 போட்டுப் பார்க்கலாம். இழுவை ஏறக்குறைய 8 விழுக்காடு கூடும், செலவும் குறைவு. ஆனால் சின்ன வட்டத்தில் வளைவதால் செயின் கொஞ்சம் சீக்கிரம் தேயும்.

ஹோண்டாவுக்கே இந்தச் சங்கடம் இருந்தது. தொடக்க கால டிரெயில் மோட்டார்களில் பின்சக்கரத்தில் இரண்டு ஸ்ப்ரோக்கெட் வைத்தார்கள். சாலைக்குச் சின்னது, மலைக்குப் பெரியது. காட்டு ஓரத்தில் நிறுத்தி, செயினில் ஒரு துண்டைச் சேர்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரே பல் கணக்கு இரண்டு பாதைக்கும் பொருந்தாது என்பதைத் தயாரித்தவர்களே ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

டயர்

கட்டைப் பூ டயர் களிமண்ணைக் கடித்துப் பிடிக்கும். ஆனால் தார் சாலையில், அதிலும் மழையில், ரப்பர் தரையைத் தொடும் பரப்பு குறைவு. வளைவில் நழுவும், பிரேக் பிடித்தால் நிற்க அதிக தூரம் எடுக்கும். நவம்பர் தொடங்கி கோத்தா திங்கி, மெர்சிங் பக்கம் வடகிழக்குப் பருவமழை எப்படிக் கொட்டும் என்று உங்களுக்கே தெரியும். வாரநாளில் சாலை, வாரக்கடைசியில் மண் என்றால், பூ அவ்வளவு ஆழமில்லாத, இரண்டுக்கும் பொதுவான டயரே நல்லது. அகலமான டயர் போடும்போது சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். செயினிலோ மட்கார்டிலோ உரசக் கூடாது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே சேறு அடைத்துக்கொண்டாலும் சக்கரம் நின்றுவிடும்.

வீட்டு வேலையில் கவனம்

இந்த இரண்டையும் வீட்டிலேயே செய்யலாம். நல்ல ஸ்பானர் செட், நடு ஸ்டாண்ட், வெளிச்சம் போதும். கழற்றும் முன் கைப்பேசியில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய ஆணி, வாஷர் எல்லாம் ஒரே தட்டில் இருக்கட்டும்.

மூன்று இடங்களை மட்டும் இரண்டு முறை பாருங்கள். ஒன்று, செயின் கிளிப். அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் எதிலாவது பட்டுக் கழன்றுவிடலாம். இரண்டு, செயின் தொய்வு. கையேட்டில் உள்ள அளவுக்கு வையுங்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். ஆள் உட்காரும்போது செயின் மேலும் இறுகும்.

மூன்றாவதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. பல கப்சாய்களில் பின் பிரேக் தட்டை வண்டியோடு பிடித்து வைக்க ஓர் இரும்புப் பட்டை இருக்கும். சக்கரம் கழற்ற அதன் ஆணியை எடுத்தாக வேண்டும். திரும்பப் பூட்டும்போது அந்த ஆணியை மறந்தால், பிரேக் மிதித்தவுடன் தட்டே சக்கரத்தோடு சுழன்று, கம்பியை இழுத்து, சக்கரத்தைப் பூட்டிவிடும். அந்த ஆணியையும் அதன் பின்னையும் வீட்டில் இன்னொருவர் கண்ணால் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே சாவியைப் போடுங்கள்.

அப்சோபரும் எக்சோஸும்

நீளமான பின் அப்சோபர் போட்டால் வண்டி உயரும், பார்க்க மிடுக்காக இருக்கும். ஆனால் பின்பக்கம் மட்டும் உயர்ந்தால் ஹேண்டில் படபடக்கும், செயின் தொய்வு மாறும், ஸ்டாண்டில் வண்டி கூடுதலாகச் சாயும். முன் போர்க்கில் எண்ணெயும் சீலும் மாற்றினாலே பல பழைய வண்டிகளில் குலுக்கல் பாதி குறையும். முதலில் அதைச் செய்யுங்கள்.

எக்சோஸ் கேட்டவர்களுக்கு: சத்தம் கூடினால் சக்தி கூடியது என்று அர்த்தமில்லை. கார்புரேட்டர் வண்டியில் எக்சோஸை மட்டும் திறந்துவிட்டு ஜெட்டைச் சரிசெய்யாவிட்டால், பெட்ரோல் கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும். காற்று வடிகட்டியைக் கழற்றி, திறந்த வடிகட்டி போட்டால் செம்மண் தூசி நேராக சிலிண்டருக்குத்தான் போகும். ஒவ்வொரு மண் ஓட்டத்துக்குப் பிறகும் பழைய வடிகட்டியைச் சுத்தம் செய்வது எந்த எக்சோஸையும் விட நல்ல மேம்பாடு.

எதைக் கழற்றுகிறோம்?

எதைப் பூட்டலாம் என்று கேட்பவர்கள்தான் அதிகம். எதைக் கழற்றுகிறோம் என்பதில்தான் எனக்குக் கவலை. செயின் மூடியைக் கழற்றிய வண்டியில் மறுநாள் அம்மா சேலையோடு பின்னால் உட்காருவார். தங்கையின் துப்பட்டா தொங்கும். குழந்தையின் கால் உள்ளே போகும். குடும்பமும் ஏறும் மோட்டார் என்றால் செயின் மூடியும் பின்னால் இருப்பவர் கால் வைக்கும் கட்டையும் கண்டிப்பாக இருக்க வேண்டும். பெரிய ஸ்ப்ரோக்கெட்டுக்கு மூடி இடிக்கிறதா? அப்படியானால் சின்ன ஸ்ப்ரோக்கெட்டே போதும்.

பிரேக்கைப் பற்றி ஜோகூர்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. 2017 பிப்ரவரி 18 அதிகாலையில், ஜோகூர் பாரு உள்வட்டச் சாலையில், 'பசிக்கல் லாஜாக்' ஓட்டிய எட்டுப் பிள்ளைகள் கார் மோதி இறந்தார்கள். எல்லாரும் பதின்ம வயது. அந்த வழக்கு எந்தெந்த நீதிமன்றம் ஏறியது என்பது வேறு கதை. அந்த வகைச் சைக்கிள்களில் பிள்ளைகள் வழக்கமாக முதலில் கழற்றுவது பிரேக்கை. 'கனம் குறையும், வேகம் வரும்' என்பதுதான் அவர்கள் சொல்லும் காரணம். நம் வீட்டுப் போர்ச்சில் அந்தப் பேச்சு எழுந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும்.

டிரம் பிரேக் உள்ள கப்சாயில் பிரேக் ஷூ தேய்மானத்தைக் காட்டும் அம்புக்குறி பல வண்டிகளில் வெளியிலேயே இருக்கும். டயர் வாங்கும் அன்றே அதையும் பாருங்கள். ஓடையில் இறங்கி ஏறிய பிறகு பிரேக் நனைந்து பிடிக்காது. மெதுவாகப் போகும்போதே லேசாகப் பலமுறை அழுத்திக் காயவைக்க வேண்டும்.

சட்டம்

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், ஜேபிஜே அனுமதியின்றி வாகனத்தின் அமைப்பை மாற்றுவது குற்றம். சத்தம் போடும் எக்சோஸுக்குச் சம்மன் தனி. விளக்கு, கண்ணாடி, எண் பட்டை கழற்றிய வண்டி பொதுச் சாலையில் ஒரு மீட்டர்கூட ஓடக் கூடாது. ஆள் வைத்து லோரியில் ஏற்றித்தான் போக வேண்டும். பெரிய மாற்றம் செய்த வண்டிக்கு விபத்து நேர்ந்தால் காப்புறுதிப் பணத்திலும் சிக்கல் வரலாம். பி2 உரிமத்துக்குக் குறைந்தது 16 வயது. இந்த நாட்டில் தலைக்கவசம் 1973இலிருந்து கட்டாயம். சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தோட்டத்துப் பாதையும் தோட்ட நிர்வாகத்தின் சொத்து. காவலாளியிடம் சொல்லி, அனுமதி வாங்கிவிட்டு நுழையுங்கள். பழம் ஏற்றிய டிராக்டர் எந்த வளைவில் வரும் என்று அவருக்குத்தான் தெரியும்.

என் வண்டியில் இதுவரை மாறியது பின் ஸ்ப்ரோக்கெட், செயின், இரண்டு டயர், பிரேக் ஷூ, போர்க் எண்ணெய். எக்சோஸ் பழையதுதான். விடியற்காலையில் ஒலிபரப்புக்குக் கிளம்பும்போது பக்கத்து வீட்டுக் குழந்தை விழிப்பதில்லை. அடுத்து மிச்சமாகும் பணத்தில் முழங்கால் கவசமும் நல்ல பூட்ஸும் வாங்குவதாக உத்தேசம். தம்பிகளே, உங்கள் பட்டியலிலும் அதை எக்சோஸுக்கு மேலே எழுதிக்கொள்ளுங்கள்.