வற்றினாலும் அது ஏரிதான்!

குட்டீஸ், மே மாத லீவில் ஊர்ப் பக்கம் போனீர்களா? அங்கே ஏரியைப் பார்த்து, "சொட்டுத் தண்ணி இல்லை. சும்மா கிடக்கிற பொட்டல்!" என்று சொன்னீர்களா? அப்படிச் சொல்வது தப்பு என்பேன் நான். ஏன் தெரியுமா?

செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகம் பக்கம் இருக்கிறது வேடந்தாங்கல். பறவைகள் சரணாலயம் என்று நமக்குத் தெரியும். உண்மையில் அது ஒரு சின்ன ஊர் ஏரி. பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். மண்கரை, மழைநீர் வரும் கால்வாய், வயலுக்குத் தண்ணீர் விடும் மதகு... எல்லா ஏரியையும் போலத்தான்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பும். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் என ஆயிரக்கணக்கான பறவைகள் வந்து இறங்கும். தண்ணீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் கூடு கட்டும். சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் பூனையோ, நரியோ எளிதில் நெருங்க முடியாது. அகழி சூழ்ந்த கோட்டை மாதிரி!

சரி, ஏரிக்குள் மரம் எப்படி வளர்ந்தது? ஆண்டு முழுவதும் ஆழமாகத் தண்ணீர் நின்றால் சின்னக் கன்று வேர் பிடிக்குமா? கோடையில் ஏரி வற்றுகிறதே, அதுதான் கன்றுகளுக்கு நல்ல நேரம். வற்றுவதும் ஏரியின் வேலைதான்!

பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம். இது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பறவைகளை யாரும் சுடக் கூடாது என்று 1798-லேயே ஆங்கிலேய கலெக்டரிடம் உத்தரவு வாங்கினார்கள். இன்றும் பறவைகளுக்காகத் தீபாவளி வெடியைக் கூட விட்டுக்கொடுக்கிறார்கள். 2022-ல் வேடந்தாங்கல், உலக அளவில் முக்கியமான ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

எல்லா ஏரிக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. சென்னையில் 1920-களில் ஒரு பெரிய ஏரியை வற்ற வைத்துத்தான் தி.நகரை உருவாக்கினார்கள். வள்ளுவர் கோட்டம் இருப்பது பழைய நுங்கம்பாக்கம் ஏரியில். மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது, லேக்கைக் காணோம்! ஏரிகள் போனால் மழைநீர் எங்கே போகும்? 2015 டிசம்பரில் சென்னைத் தெருக்களில் படகு ஓடிய கதையை அப்பா, அம்மாவிடம் கேளுங்கள்.

"வீடு கட்ட, பஸ் ஸ்டாண்டு கட்ட இடம் வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வேண்டும்தான். ஆனால், மே லீவில் பூட்டிக் கிடக்கிறதே என்று உங்கள் வகுப்பறையை யாராவது கடையாக்கினால் ஒத்துக்கொள்வீர்களா? "ஜூனில் நாங்கள் வருவோமே!" என்று சண்டை போட மாட்டீர்களா? ஏரிக்கும் அப்படித்தான். ஐப்பசியில் தண்ணீர் வரும்!

அடுத்த லீவில் ஒரு வேலை செய்யுங்கள். தாத்தா, பாட்டியோடு ஏரிக்கரைக்குப் போங்கள். மதகு எது, கலங்கல் எது, தண்ணீர் எந்த வழியாக வரும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காய்ந்த ஏரியில் கிரிக்கெட் தாராளமாக விளையாடலாம். பிளாஸ்டிக் பையை மட்டும் அங்கே போட்டுவிட்டு வராதீர்கள்.

யாராவது "காலி இடம்" என்று சொன்னால், "இல்லை, இது எங்க ஊர் ஏரி" என்று சொல்லுங்கள். சொல்வீர்கள்தானே?