பல்லின் நிறம்

பல்லை முத்துக்கும் முல்லையரும்புக்கும் உவமை கூறுதல் நம் புலவர்தம் மரபு. அம்மரபிலே பயின்ற யாம், பல் என்றவுடன் வெண்மை ஒன்றனையே நினைக்கின்றோம். ஆயின் முத்தை உற்று நோக்கினார்க்கு, அது சுண்ணாம்புபோல் வெளுத்ததன்று என்பதும், மஞ்சளும் செம்மையும் சாம்பலும் மெல்ல விரவிய ஒளியுடையது என்பதும் புலனாகும். பல்லும் அத்தகையதே. இவ்வுண்மையை மறந்து பல்லைச் சீர்செய்து கொள்வோர் பின்னர் வருந்துகின்றனர். ஆதலின் இதுபற்றி எம் கருத்தை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

பல்லின் புறத்தே அமைந்த எனாமல் ஒளியை ஓரளவு ஊடுருவ விடும். அதன் உள்ளே உள்ள டென்டைன் மஞ்சள் நிறத்தது. நாம் காணும் நிறம் இவ்விரண்டும் கூடியதே. ஈற்றின் அருகே எனாமல் மெல்லியதாதலின் மஞ்சள் மிகும். வெட்டும் விளிம்பில் சற்றே நீலம் பாய்ந்த தெளிவு தோன்றும். கோரைப்பல் முன்பல்லினும் நிறம் மிக்கது. முதுமையில் எனாமல் தேய்ந்து நிறம் ஆழும். வெற்றிலையும் தேநீரும் கறை சேர்க்கும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு கலந்திருப்பின், குழந்தைப் பருவத்தே அதனைப் பருகினார் பற்களில் வெண்புள்ளியும் பழுப்புக் கறையும் நிலைத்துவிடும். நம் பகுதியை அடுத்துள்ள கிருஷ்ணகிரியும் தருமபுரியும் இத்துன்பத்தை நன்கறியும்; 2013-இல் தொடங்கப்பெற்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதனை நீக்கவே எழுந்தது. இங்ஙனம் பலவாறு வேறுபடும் பற்களுக்கு ஒரே வெண்மை எவ்வாறு பொருந்தும்?

நிறத்தைப் பகுத்தறிய வழியுண்டோ எனின், உண்டு. மன்செல் என்னும் அமெரிக்க ஓவியர் 1905-இல் வெளியிட்ட நூலில் நிறத்தை மூன்று கூறாகப் பகுத்தார். இன்ன நிறம் என்னும் சாயல் ஒன்று. வெளிறியதோ இருண்டதோ என்னும் ஒளியளவு மற்றொன்று. அழுத்தமோ மென்மையோ என்னும் செறிவு பிறிதொன்று. 1931-இல் கிளார்க் என்னும் பல்மருத்துவர் இப்பகுப்பைப் பற்களுக்குப் பொருத்திக் காட்டினார். செருமானிய நாட்டு வீட்டா நிறுவனத்தார் 1956-இல் வகுத்த நிறமாதிரி வரிசை, 16 மாதிரிகள் நான்கு இனமாக அமைந்து, இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது. 1998-இல் அவர்களே ஒளியளவை முதற்கண் தேரும் வேறொரு வரிசையையும் அமைத்தனர். மூன்றனுள்ளும் ஒளியளவே தலையாயது. சாயல் சிறிது பிழைப்பினும் கண் பொறுக்கும். ஒளியளவு பிழைத்தால் பொறாது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊரார்க்கு நிறத்தின் நுட்பத்தை யாம் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆவாரம்பட்டையாற் பதனிட்ட தோல் வெயில் பட்டுச் சிவக்கும் என்பதும், கடுக்காய் அதனைத் தடுத்து வெளிறிய நிறம் நல்கும் என்பதும் இவ்வூர்களின் பழைய அறிவு. சாயந்தோய்ந்த தோல் ஈரத்தில் இருண்டு தோன்றி உலர்ந்தபின் வெளிறும்; ஆதலின் உலர்த்திய பின்னரே மாதிரித் துண்டோடு ஒப்பிடுவர். விளக்கொளியில் ஒன்றெனத் தோன்றிய இரு தோல்கள் பகலொளியில் வேறுபடுதலும் உண்டு. ஆதலின் பகலொளியிலோ அதற்கு நிகரான விளக்கிலோ வைத்தே துணிவர்.

பல்லுக்கும் விதி இதுவே. உமிழ்நீர் வற்றிய பல் வெளிறித் தோன்றும். தன்னிறம் மீளச் சில மணி நேரம் செல்லும். ஆதலின் பஞ்சு வைத்து உலர்த்துதற்கும் துளையிடுதற்கும் முன்னரே நிறம் தேர்தல் வேண்டும். உதட்டுச் சாயம் இருப்பின் துடைத்தல் வேண்டும். பலகணியின் பகலொளி வேண்டும். ஐந்து நொடிக்கு மேல் உற்று நோக்கின் கண் சோருமாதலின், இடையிடையே சாம்பல்நிறத் துணியை நோக்கிக் கண்ணுக்கு ஓய்வளித்தல் நன்று.

ஈண்டுத்தான் எம் வழக்கு எழுகின்றது. இடக்காற் செருப்பும் வலக்காற் செருப்பும் நிறத்தால் வேறுபடின் கடல்கடந்த வணிகர் அதனை ஏலார். அவர் பொருட்டு நிறம் பார்த்துப் பிரிக்கும் தொழிலாளப் பெண்ணுக்கு முன்பல் ஒன்று உடைந்தால், ‘ஏழைக்கு மெல்லுதற்குப் பல் இருந்தாற் போதாதோ? நிறம் எற்றுக்கு?’ என்பார் உளர். இது நீதியன்று. செருப்பின் நிறத்துக்குக் காட்டும் கவனத்தை அதனைச் செய்தவளின் முகத்துக்குக் காட்டலாகாதோ? மேற்பல்லும் இதழும் இயைய வகரம் பிறக்கும் என்பர் தொல்காப்பியர். ‘வாருங்கள்’ என்று விருந்தினரை வரவேற்கும் முதற்சொல்லிலேயே பல் வேண்டப்படுகின்றது. நிறம் ஒவ்வாத பல்லை உடையாள் முந்தானையால் வாய்பொத்தியே பேசுவாள். நிறத்தை ஒழுங்காகத் தேர்தற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு பலகணியும் சில நிமிடப் பொறுமையுமே வேண்டும். 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் கவனிப்பாரற்ற பெண்டிரை எண்ணி மருத்துவப் பணி தொடங்கிய வேலூர் மண்ணில் இதனை வேண்டுதல் மிகையாகாது.

குறை மருத்துவரிடம் மட்டுமன்று. ‘எனக்கு மிக வெண்மையான பல்லே வேண்டும்’ என்று கேட்பாரும் தம்மைத் தாமே வஞ்சித்துக் கொள்கின்றனர். பழைய வஸ்திரத்தில் இட்ட புதுத்துண்டு பழையதோடு இசையாது என்று நம் ஆண்டவர் உரைத்த உவமையை லூக்கா சுவிசேஷத்திற் காண்கின்றோம். பல்லிலும் அஃதே நிகழும். வெண்மை விரும்பினார், முதலில் மருத்துவர் துணையால் ஏனைய பற்களை வெளுப்பித்து, அந்நிறம் நிலைத்தபின் புதுப்பல்லைப் பொருத்திக் கொள்க. அன்றேல் உள்ள பற்களின் நிறத்தையே ஏற்க. ஒட்டுமுன் அதனைப் பகலொளியிற் காட்டும்படி கேட்டலும் அவர் உரிமை.

நம் கல்லூரியினின்று நாளை மருத்துவராவாரும், தோற்றொழிலில் மேலாளராவாரும் இதனை நினைவிற் கொள்வாராக. நல்ல வேலை தன்னைக் காட்டிக்கொள்ளாது. சீர்செய்த பல் எதுவென்று பிறர் வினவும் நிலையே மருத்துவனுக்குப் புகழ். அஞ்சாது சிரிக்கும் ஏழையின் வாயே அதற்குச் சான்று.