மடிமேல் வைத்த நம்பிக்கை

அரூரிலிருந்து கைக்குழந்தையோடு விமானம் ஏறப் புறப்படும் குடும்பத்துக்கு ஊரே புத்தி சொல்லும். காது அடைத்துக்கொள்ளும், மூச்சுத் திணறும், அவ்வளவு உயரத்தைப் பிஞ்சு உடம்பு தாங்குமா என்று ஆளாளுக்குப் பயமுறுத்துவார்கள். அதே குழந்தையை முன்சீட்டில் அம்மாவின் மடியில் வைத்து, வாடகைக் காரில் கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகத் தேவனஹள்ளி விமான நிலையம் வரைக்கும் நாலைந்து மணி நேரம் கொண்டுபோவதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. பெற்றவள் மடியில் இருக்கிறது, அதற்குமேல் என்ன பத்திரம் வேண்டும் என்ற எண்ணம் நமக்குள் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது. ஓடும் வண்டியைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை உயிரைக் குடிக்கும் பிழை. அதைச் சொன்னால் தாய்மையைக் குறை சொல்வதுபோலத் தோன்றும் என்பதாலேயே பலரும் சொல்லாமல் விடுகிறார்கள்.

கணக்கைப் பார்ப்போம். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதன்மீதாவது மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிட்டால், உள்ளே இருக்கும் ஒவ்வோர் உடலும் தன் எடையைப் போல் ஏறக்குறைய 14 மடங்கு விசையோடு முன்னால் பாயும். பத்துக் கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 140 கிலோவைத் தாங்கும் கை வேண்டும். அரூர் மஞ்சள் ஏலத்துக்கு வரும் மூட்டைகளில் இரண்டை, எதிர்பாராத நேரத்தில், ஒரே வீச்சில் கையில் ஏந்துவது போன்றது அது. பயில்வானாலும் முடியாது, பிரசவித்த உடம்பு தேறாத பெண்ணால் எப்படி முடியும்? அந்த வேகத்தில் மோதுவது மூன்று மாடி உயரத்திலிருந்து தரையில் விழுவதற்கு ஒப்பானது. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரின் விளிம்பில் குழந்தையை உட்காரவைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் எந்தத் தாயும் ஒப்பமாட்டாள். காரில் அதைத்தான் செய்கிறோம். தாய் பெல்ட் போடவில்லையென்றால் இன்னும் கொடுமை: அவளுடைய சொந்த எடையே குழந்தையை டாஷ்போர்டில் வைத்து நசுக்கும். முன்சீட்டுக்கும் ஏர்பேக் கட்டாயமானது 2021-இல். பெரியவரின் மார்பைக் காக்க வெடித்து விரியும் அந்தப் பை, மடியில் இருக்கும் குழந்தையின் தலையில்தான் முதலில் அறையும். உடம்போடு ஒப்பிட்டால் சிசுவின் தலை கனத்தது, கழுத்து இளையது. அதனால்தான் பின்பக்கம் பார்த்தபடி குழந்தையைக் கட்டிவைக்கும் தனி இருக்கையைப் பின்சீட்டில் பொருத்தச் சொல்கிறார்கள். தலை, கழுத்து, முதுகு மூன்றையும் அது ஒன்றாகத் தாங்கும். காரில் குழந்தை இருக்கையைப் பயன்படுத்தினால் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விபத்து மரணம் 71 விழுக்காடும், ஒன்று முதல் நான்கு வயதுவரை 54 விழுக்காடும் குறைவதாக அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை கணக்கிட்டிருக்கிறது.

விமானத்திலும் மடி தோற்றதுண்டு. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் யுனைடெட் 232 விமானம் தரையிறங்கும்போது நொறுங்கியது. மடிக்குழந்தைகள் நான்கு பேர் அதில் இருந்தார்கள். அன்றைய விதிமுறைப்படி, அவர்களைப் போர்வையில் சுற்றித் தரையில் வைத்துப் பிடித்துக்கொள்ளும்படி தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன் பெற்றோரிடம் சொன்னார். அவர்களில் ஒரு குழந்தை இறந்தது. தான் சொன்ன அந்தச் சொல்லைப் பிரவுனால் மறக்க முடியவில்லை. ஒவ்வொரு குழந்தைக்கும் தனி இருக்கை வேண்டும் என்று அதன்பின் பல ஆண்டுகள் போராடினார். 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன எஸ்.க்யூ. 321 விமானம் கொந்தளிப்பில் சிக்கியபோது, பெல்ட் போடாதவர்களைத் தூக்கி எறிந்த விசை மாற்றம் நடந்து முடிய 0.6 நொடிதான் ஆனது. கை இறுகுவதற்குக்கூட அந்த நேரம் போதாது. நம் நாட்டு விமானங்களில் தாயின் பெல்ட்டோடு கோத்துக் குழந்தைக்குக் கட்டும் சிறு பெல்ட் தருகிறார்கள். கொந்தளிப்புக்கு அது உதவும். ஆனால் பலத்த மோதலில் முன்னால் மடியும் தாயின் உடம்பு குழந்தையை நெரிக்கும் என்பதால் அமெரிக்கா அதை அனுமதிப்பதில்லை.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் இருக்கிறது. குழந்தைக்குத் தனி இருக்கையைக் கட்டாயமாக்கும் யோசனையை 2005-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் கைவிட்டது. கூடுதல் டிக்கெட் வாங்க முடியாத குடும்பங்கள் காரில் போகத் தொடங்கும், சாலையில் அதைவிட அதிகக் குழந்தைகள் சாகும் என்பது அவர்கள் சொன்ன காரணம். இந்த வாதத்தை ஏற்கத்தான் வேண்டும். ஆனால் அது மடிக்கு நற்சான்றிதழ் தரவில்லை. ஆபத்து சாலையில் இருக்கிறது என்றுதான் சொல்கிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி மலைமேல் இருப்பதுபோல வைக்கப்படுகிறது, ஏறக்குறைய ஊட்டியின் உயரம். இறங்கும்போது பால் கொடுத்தால் காது வலியும் பெரும்பாலும் அடங்கும். நாம் அஞ்ச வேண்டியது மஞ்சவாடிக் கணவாயின் வளைவுகளையும், தொப்பூர்க் கணவாயில் பிரேக் பிடிக்காமல் வரும் லாரிகளையும்.

நாமெல்லாம் மடியில் வளர்ந்தவர்கள்தானே என்பார்கள். மாட்டு வண்டியும் டவுன் பஸ்ஸும் போன வேகம் வேறு. வேகம் இரட்டித்தால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். மடியில் போய்ப் பிழைக்காத குழந்தைகள் இந்தப் பேச்சில் வந்து சாட்சி சொல்லப்போவதுமில்லை. இருக்கையில் போட்டால் அழும் என்பதும் உண்மை. முதல் சில பயணங்களில் அழும்; பால் குடிக்கக் கேட்டால் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திக் கொடுக்கலாம். காசுதான் உண்மையான தடை. இருக்கைக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும், கூலி வேலைக்குப் பெங்களூரு போகும் குடும்பத்திடம் அதை எதிர்பார்க்க முடியாது. அவர்களுக்கு மொரப்பூரில் ரயில் ஏறுவது காரைவிட நல்லது. ஆனால் விமான டிக்கெட்டும் காருக்கு வாடகையும் கொடுக்கிற குடும்பம் காசைக் காரணம் காட்டுவதை ஏற்க முடியாது.

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவு, 14 வயதுக்குட்பட்டவர்களைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. பைக்கில் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை ஓட்டுநரோடு வார் போட்டுக் கட்ட வேண்டும், வேகம் 40-ஐத் தாண்டக்கூடாது என்ற விதி 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அரூர்க் கடைவீதியில் இந்த வாரை எத்தனை பேர் கண்ணால் பார்த்திருப்பார்கள்? குழந்தைகளுக்காக அரசு எதுவும் செய்யாமல் இல்லை. அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தமிழ்நாடு அரசு 2015-இல் பரிசுப் பெட்டகம் கொடுக்கத் தொடங்கியது; துண்டு, கொசுவலை, நகவெட்டி, கிலுகிலுப்பை என்று 16 பொருட்கள். தாயையும் சேயையும் வீட்டில் கொண்டுபோய் விட இலவச ஊர்தியும் இருக்கிறது. அந்த ஊர்திகளில் குழந்தை இருக்கை பொருத்த வேண்டும். அதில் குழந்தையைக் கட்டும் முறையைப் பிரசவ வார்டிலேயே செவிலியர் ஒருமுறை செய்து காட்ட வேண்டும். வாடகைக் கார் ஸ்டாண்டில் ஓட்டுநர்கள் கூட்டாக இரண்டு இருக்கைகள் வாங்கி வைத்தால், விமான நிலையத்துக்குக் குழந்தையோடு போகிறவர்களுக்கு மாட்டிக் கொடுத்து, திரும்பி வந்ததும் கழற்றி வைத்துக்கொள்ளலாம்.