தொட்டாற்சுருங்கி யார்?

அப்ரைசல் நேரத்தில் அலுவலகங்களில் தவறாமல் காதில் விழும் பேச்சு இது: “மதிப்பீட்டில் ஒரு கோளாறும் இல்லை சார். அதை வாங்கிக்கொள்கிற குணம் சிலருக்குக் கிடையாது. தொட்டாற்சுருங்கிகள்.” தாராசுரத்தில் தறிச் சத்தத்தில் வளர்ந்த எனக்கு இது செரிக்கவில்லை.

குணத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பதற்றக்காரருக்கு நாலு பாராட்டுக்கு நடுவே வந்த ஒரு குறைதான் ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கும். இன்னொருவர் அதே தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டுக் காபிக்குப் போவார். அதுவரை சரி. அங்கிருந்து ‘ஆகவே மதிப்பிட்டவர்மேல் தப்பில்லை’ என்று தாவுகிறார்களே, அதுதான் கோணல்.

எங்கள் தெருவில் ஒரு நெசவாளர், மூக்குக்கு மேல் கோபம். அவர் முதலாளியிடம் சேலை கொடுக்கப் போகையில் கூடப் போயிருக்கிறேன். முதலாளி பாயில் சேலையை விரித்து, முந்தியிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வருவார். ஓரிடத்தில் விரல் நிற்கும். “இங்கே பாரு, மூணு இழை விட்டுப்போயிருக்கு.” (பேசிக்கொண்டது சௌராஷ்டிர மொழியில், பொருள் இதுதான்.) இவர் குனிந்து பார்ப்பார். “ஐப்பசி மழை, பாவெல்லாம் ஈரம்” என்பார். கூலிப் பிடித்தத்துக்குக் கொஞ்சம் மல்லுக்கட்டிவிட்டு, அடுத்த சேலைக்கு நூலை வாங்கிக்கொண்டு கிளம்புவார். அதே மனிதரிடம் ஒருநாள் கணக்கெழுதுகிறவர், சேலையைப் பிரிக்காமலே, “உனக்கு இப்பல்லாம் வேலையில அக்கறையே இல்ல” என்றார். பத்து நாள் தறிக்குழியில் இறங்கவில்லை மனிதர். குணம் அதே குணம்தானே?

க்ளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள், வேலை பற்றிக் கருத்துச் சொன்னால் என்ன ஆகிறது என்று பார்த்த பழைய ஆய்வுகளைத் திரட்டி, 607 முடிவுகளை அலசி 1996-ல் எழுதினார்கள். சராசரியில் கருத்துரை பலன் தருகிறது. ஆனால் மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றில், கருத்துச் சொன்ன பிறகு வேலை முன்பைவிடக் கெட்டிருந்தது. கவனம் செய்கிற வேலையை விட்டு ‘நான் எப்படிப்பட்டவன்’ என்பதற்குத் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். கணக்கெழுதுகிறவர் செய்ததும் அதுதான்.

எதிர்த்துக் கேட்கிறவர் ஒத்துப்போகாத ஆசாமி என்று இன்னொரு முத்திரை உண்டு. எல்லைச் சாலை அமைப்பில் பொறியாளராக இருந்த தேவ் தத்துக்கு 1993-94 ரகசியக் குறிப்பில் ‘நன்று’ என்று எழுதியிருந்தார்கள். பதவி உயர்வுக்கோ ‘மிக நன்று’ வேண்டும். அந்த ‘நன்று’ அவருக்குத் தெரிவிக்கப்படவே இல்லை, உயர்வும் கிடைக்கவில்லை. வழக்குப் போட்டார். அவரைத் தொட்டாற்சுருங்கி என்பீர்களா? எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று 2008 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முழு மதிப்பீட்டு அறிக்கையையும் ஊழியரிடம் காட்டும்படி மறு வருடமே மத்திய அரசு உத்தரவிட்டது.

தீர்ப்பு வந்தபோது தேவ் தத் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார்.