பெயரும் வசையும்

பெயர்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் இருவகைப்படுத்துவர் நம் இலக்கண நூலார். அரசியற் பெயர்களுக்கோ 'வசைப்பெயர்' என மற்றொரு வகையும் வேண்டும் போலும். ஆயினும், அவையெல்லாம் வசையாய் நிலைத்தல் இல்லை. அதன் காரணம் யாதென ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஆங்கில நாட்டில் 1680-ஆம் ஆண்டையொட்டி, இரண்டாம் சார்லஸ் மன்னனுக்குப்பின் அவன் தம்பி ஜேம்ஸ் அரியணை ஏறலாமோ என்னும் வழக்கு மூண்டது. ஏறலாகாது என்றாரை எதிரிகள் 'விக்' என்று இழித்தனர். அது ஸ்காட்லாந்துக் கலகக்காரர்க்கு வழங்கிய பெயர். ஏறலாம் என்றாரை மற்றையோர் 'டோரி' என்றனர்; அது அயர்லாந்தில் வழிப்பறிக் கள்வரைக் குறித்த சொல். காலப்போக்கில் இருசாராரும் அவ்வசைகளையே தம் பெயராக ஏற்று, அவற்றின்கீழ் நின்று வாதாடினர்; ஆட்சியும் நடத்தினர். வசை தேய்ந்தது, பெயர் நின்றது.

இதற்கு மறுதலையானது 'பாஸிஸ்டு' என்பது. 'கற்றை' எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லினின்று பிறந்த இப்பெயரை, முஸோலினி 1919-ல் மிலான் நகரில் தன் இயக்கத்துக்குத் தானே உவந்து இட்டான். பின்னர் அவனது ஆட்சியின் கொடுமையும் போரின் அழிவும் அப்பெயர்மேற் படிந்தன. 1948-ல் நடைமுறைக்கு வந்த இத்தாலிய அரசியலமைப்பு, அக்கட்சியை மீண்டும் அமைத்தலையே தடுத்தது. இன்று அப்பெயரை வெளிப்படச் சூடிக்கொள்வார் மிக அரியர். 'கம்யூனிஸ்டு' என்பதோ பல இடங்களில் வசையாக வழங்கினும், அதனைப் பெருமையுடன் சூடுவார் இன்றும் உளர். ஆதலின் அது முழுவசை ஆயிற்றில்லை.

ஆகவே, ஒரு பெயரை வசையாக்குவது பகைவர் நா மட்டும் அன்று. அதனைத் தமதென்று கொண்டு மறுமொழி கூறுவார் அற்றபோதே அது முழுவசை ஆகின்றது. உடையவர் இல்லாப் பெயரை எவர்மேலும் எறியலாம். ஏனென்று கேட்பார் இலர்.

தீங்கும் ஆங்கே தொடங்குகின்றது. எம் சொற்போர் மன்றத்தில் ஒருகால், விடுதி விதிகளைச் சற்றே இறுக்க வேண்டுமென்ற தோழர் ஒருவரை அப்பெயரால் அழைத்தோம். அவை கைகொட்டி நகைத்தது. அவர் வாய்மூடி அமர்ந்தார். அவர் கூற்றுக்கு விடையோ இன்றளவும் யாம் கூறினோமில்லை.

காரணப்பெயர் இங்ஙனம் காரணம் இழந்து தேயுமாயின், மெய்யான கொடுங்கோன்மை வாயிலில் வந்து நிற்கும் நாளில் அதனைச் சுட்ட நமக்குச் சொல் எஞ்சாது. எனவே, தோழர்களே, ஒருவரை ஒரு பெயரால் அழைக்குமுன் அதன் காரணம் அவரிடத்து உளதோவென ஆராய்வோமாக.