இரும்புப் பெண்மணி யாருக்கு இரும்பு?

ஒரு பெண் நாட்டை ஆண்டால் அது பெண் குலத்துக்கே வெற்றி என்று நம் வீடுகளில் பேசக் கேட்கிறோம். பிரிட்டனின் முதல் பெண் பிரதமர் மார்கரெட் தாட்சரின் பெயர் அந்தப் பேச்சில் தவறாமல் வருகிறது. மளிகைக் கடைக்காரரின் மகள், சொந்த முயற்சியால் உயர்ந்தவர், ஆண் அமைச்சர்களை நடுங்க வைத்தவர் என்கிறார்கள். இவை எதுவும் பொய்யல்ல. ஆனால் பிழைப்புத் தேடி ஊர் விட்டு ஊர் வந்து உழைக்கும் நாம் ஒரு தலைவரை நிறுக்க வேண்டிய தராசு வேறு. எந்த ஏணியில் ஏறினார் என்பது பாதிக் கதை. ஏறிய பிறகு அந்த ஏணியை என்ன செய்தார் என்பதே மீதிக் கதை.

1925 அக்டோபர் 13ஆம் நாள் இங்கிலாந்தில் கிரந்தம் என்ற சிறு நகரில் பிறந்தவர் தாட்சர் அம்மையார். தந்தை ஆல்ஃபிரட் ராபர்ட்ஸ் மளிகைக் கடை நடத்தியவர், நகர மேயராகவும் இருந்தவர். கடைக்கு மேலிருந்த வீட்டில் வளர்ந்த மகள் ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியல் படித்தார், ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். வசதியான தொழிலதிபரை மணந்து, இரட்டைக் குழந்தைகளைப் பெற்று, சட்டமும் படித்து வழக்கறிஞரானார். 1959இல் நாடாளுமன்ற உறுப்பினர், 1975இல் கன்சர்வேடிவ் கட்சித் தலைவர், 1979 மே 4இல் பிரதமர். மூன்று பொதுத்தேர்தல்களைத் தொடர்ந்து வென்று பதினொன்றரை ஆண்டுகள் ஆண்டார். 1976இல் சோவியத் இராணுவப் பத்திரிகை ஏளனமாக வைத்த 'இரும்புப் பெண்மணி' என்ற பெயரைப் பெருமையாகவே சூடிக்கொண்டார்.

இந்த உழைப்பையும் உறுதியையும் நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பெண்களுக்கு என்ன கிடைத்தது? பதினொன்றரை ஆண்டுகளில் அவருடைய அமைச்சரவையில் அவரைத் தவிர இடம்பெற்ற பெண் ஒரே ஒருவர்தான். 1971இல் கல்வி அமைச்சராக இருந்தபோது, ஏழு வயதைத் தாண்டிய பள்ளிக் குழந்தைகளுக்கான இலவசப் பாலை நிறுத்தினார். 'பால் பறித்தவர்' என்று அந்நாட்டுத் தாய்மார்கள் ஏசினார்கள்.

புலம்பெயர்ந்தவர்களுக்கு என்ன கிடைத்தது? 1978 ஜனவரியில், பிரதமராவதற்கு முன்பே, வேறு பண்பாட்டு மக்கள் வந்து நாட்டை மூழ்கடித்துவிடுவார்களோ என்று பிரிட்டிஷ் மக்கள் அஞ்சுகிறார்கள் எனத் தொலைக்காட்சியில் சொன்னார். இந்தக் குரல் நமக்குப் புதிதா? 1960களின் பிற்பகுதியில் அன்றைய பம்பாயில் தென்னிந்தியருக்கு எதிராக எழுந்த முழக்கமும் இதே ராகம்தானே! அங்கே அது சட்டமாகவும் ஆனது. பிரிட்டிஷ் மண்ணில் பிறந்தாலே குடியுரிமை என்ற பழைய உரிமையை 1981ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. 1983 முதல், தாயோ தந்தையோ குடிமகனாகவோ நிரந்தரமாகத் தங்க உரிமை பெற்றவராகவோ இருந்தால்தான் பிள்ளைக்குப் பிறப்பால் குடியுரிமை.

இங்கே இன்னொரு பெண்ணை நினைக்க வேண்டும். ஜெயாபென் தேசாய், குஜராத்தி, ஆப்பிரிக்கா வழியாக லண்டன் போய்ச் சேர்ந்தவர். கிரன்விக் என்ற ஃபிலிம் கழுவும் தொழிற்சாலையில் 1976 ஆகஸ்டில் வெளிநடப்புச் செய்து, சங்க உரிமைக்காக இரண்டு ஆண்டுகள் வாசலில் நின்றார். உடன் நின்றவர்களில் பெரும்பாலோர் சேலை கட்டிய தொழிலாளப் பெண்கள். 1977இல் அவர்களுக்குத் தோள் கொடுக்க வந்தவர்கள் யார்? யார்க்ஷயரின் வெள்ளைக்காரச் சுரங்கத் தொழிலாளர்கள்! போராட்டம் தோற்றது. ஆனால் ஓர் ஆலைக்காரர் இன்னொரு ஆலை வாசலில் வந்து நின்ற அந்த ஒற்றுமையை ஆள்வோர் மறக்கவில்லை. 1980ஆம் ஆண்டுச் சட்டம், மறியல் செய்வோர் தம் சொந்தப் பணியிடத்து வாசலோடு நிற்க வேண்டும் என்று கட்டுப்படுத்தியது.

அடுத்து அடி விழுந்தது அந்தச் சுரங்கத் தொழிலாளர்கள் மீதே. 1972இலும் 1974இலும் வேலைநிறுத்தம் செய்து கன்சர்வேடிவ் அரசைத் திணறடித்தவர்கள் அவர்கள். 1981இல் தாட்சர் அரசும் முதலில் பின்வாங்கியது. பின்வாங்கிச் சும்மா இருக்கவில்லை. மின்நிலையங்களில் நிலக்கரியைக் குவித்தது, சட்டங்களை இறுக்கியது. 1984 மார்ச்சில் 20 சுரங்கங்களை மூடும் திட்டம் வந்தது. ஏறத்தாழ 20,000 வேலைகள் போகும் நிலை. வேலைநிறுத்தம் வெடித்தது. குளிர்காலம் முடிந்து நிலக்கரித் தேவை குறையும் நேரம் அது. தேசிய அளவில் உறுப்பினர் வாக்கெடுப்பு நடத்தாததால் சங்கத்துக்குள்ளேயே பிளவு. நாட்டிங்ஹாம்ஷயர் சுரங்கங்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். உரிமை கேட்டவர்களைப் பிரதமர் 'உள்நாட்டு எதிரி' என்றார். சுமார் 11,000 பேர் கைதானார்கள். சுரங்கத் தொழிலாளர் வீட்டுப் பெண்கள் பொதுச் சமையல் நடத்தி, மேடை ஏறிப் பேசி, ஏறக்குறைய ஓராண்டு போராட்டத்தைத் தாங்கினார்கள். 1985 மார்ச்சில் அது தோல்வியில் முடிந்தது.

அதே காலத்தில் நம் பம்பாயிலும் 1982 ஜனவரி 18 முதல் சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் வெளியே நின்றார்கள். அங்கும் இங்கும் ஒரே பாடம்: எதிரி ஆயத்தமாகும்போது நாமும் ஆயத்தமாக வேண்டும். காலம் பார்க்காமலும், எல்லோரையும் கலந்து முடிவெடுக்காமலும் இறங்கினால் வீரம் மட்டும் போதாது.

அப்படியானால் தொழிலாளர்களே ஏன் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள்? இந்தக் கேள்வியைத் தவிர்க்கக் கூடாது. 1980ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம், நகராட்சி வீடுகளில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு அவ்வீடுகளைத் தள்ளுபடி விலையில் வாங்கும் உரிமை தந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கைமாறின. தலைக்கு மேல் சொந்தக் கூரை என்றால் என்ன என்று குடிசையிலும் சாலிலும் வாழும் நமக்குச் சொல்லவா வேண்டும்? வாங்கியவர்களைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் விற்ற பணத்தைக் கொண்டு புது வீடு கட்ட நகராட்சிகளை அரசு தாராளமாக விடவில்லை. முந்தியவனுக்கு வீடு, பிந்தியவனுக்கு வரிசை என்றாகிவிட்டது. எல்லோரிடமிருந்தும் எடுத்துச் சிலருக்குக் கொடுக்கும்போது, பெற்றவரின் நன்றி மட்டுமே ஓட்டுப்பெட்டியில் விழுகிறது.

கடைசியில் அவரை அசைத்தது எது? தலைவரி. ஸ்காட்லாந்தில் 1989இலும், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1990இலும் வந்தது. மாளிகைப் பிரபுவுக்கும் அவர் தோட்டக்காரருக்கும் ஒரே தொகை! பல லட்சம் பேர் கட்ட மறுத்தார்கள். 1990 மார்ச் 31இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கம் கொந்தளித்தது. ஐரோப்பிய விவகாரத்திலும் சொந்தக் கட்சிக்குள் எதிர்ப்பு முற்ற, அதே ஆண்டு நவம்பரில் பதவி விலகினார். அவருக்குப் பின் வந்த அரசு தலைவரியையே கைவிட்டது. இரும்பையும் உருக்கும் உலை மக்களிடம் இருந்தது.

2013 ஏப்ரல் 8இல் அவர் காலமானார். பிரிட்டனின் கடைசி ஆழ்சுரங்கம் 2015 டிசம்பரில் மூடப்பட்டது.

நம் பகுதிக்கும் தேர்தல்தோறும் வேட்பாளர்கள் வருகிறார்கள். பெண் என்பார்கள், ஏழை வீட்டுப் பிள்ளை என்பார்கள், நம் சாதி, நம் மொழி என்பார்கள். மகிழ்ச்சி என்று சொல்லி உட்கார வைப்போம். பிறகு கேட்போம்: எங்கள் கூலிக்கு என்ன செய்வீர்? வீட்டுக்கு என்ன செய்வீர்? சங்கம் வைத்தால் எங்கள் பக்கம் நிற்பீரா, போலீஸ் பக்கம் நிற்பீரா? வெளியூர்க்காரன் என்று எங்களை விரட்ட வந்தால் வாய் திறப்பீரா? பதில் வந்த பிறகு ஓட்டைப் பற்றிப் பேசுவோம்.