டவுனில் குடி, காட்டில் வெள்ளாமை

பிள்ளைகள் படிப்புக்காக அருப்புக்கோட்டைக்குக் குடிவந்து ஒன்பது வருசமாச்சு. நிலம் திருச்சுழிப் பக்கம், மானாவாரிக் கரிசல். முதல் பஸ் ஏறினால் வெயில் ஏறுமுன்னே காட்டில் நிற்கலாம். மதுரையில் குடியிருந்தால் இது நடக்காது. 2011 கணக்கெடுப்பில் 87 ஆயிரம் பேர், தறியும் மில்லும் உள்ள ஊர். இந்த அளவு ஊர்தான் இயற்கை உழவனுக்குத் தோது என்பது என் கட்சி.

ஆனா அந்தத் தோதை நாம பயன்படுத்தலையே! புரட்டாசியில் விதைச்ச குதிரைவாலி தையில் களத்துக்கு வந்ததும் மூட்டையோட வியாபாரிக்குப் போகுது. அரிசியாகி, பாக்கெட்டில் எங்க தெருக் கடைக்கே திரும்புது. பக்கத்து வீட்டுத் தறிக்கார அக்கா போன வருசம் எட்டுப் படி கேட்டாங்க. உரலில் குத்தி ரெண்டு படிதான் கொடுக்க முடிஞ்சது. உமி நீக்கும் மெசின் நம்மகிட்ட இல்லை. பத்துப் பேர் சேர்ந்தால் வாங்கிரலாம்.

குப்பையும் அப்படித்தான். காய்கறித் தோலும் வாடின பூவும் பாலிதீனோட கலந்து போகுது. நாமளோ கிடை போட ஆடு தேடி அலையிறோம். இப்போ ஆறு வீட்டில் தனி வாளி வச்சிருக்கேன். முதல் மாசம் வாளிக்குள்ள ஷாம்பு பாக்கெட்டும் கிடந்தது (எங்க வீட்டு வாளியிலும்தான்). இப்போ குறைஞ்சிருக்கு.

ஆடி உழவுக்குள்ள இன்னும் பத்து வீடு சேர்க்கணும். டவுனில் குடியிருக்கும் உழவர்கள் உங்க தெருவிலும் கேட்டுப் பாருங்க. மெசின் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுவோம்.